மண்மூடாத களமும் அச்சேறிய கல்லறையும்: 1879ஆம் ஆண்டு ஆங்கிலேய – ஜூலு போர்ச் செதுக்கோவியங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியக் காலனியப் போர்கள் லண்டன் பட வார இதழ்களின் வழியாகவே பொதுமக்களின் கண்முன் வந்தன. அவ்விதழ்கள் வெளியிட்ட போர்க்காட்சிகளுக்கு ஆய்வுலகில் கிடைத்துள்ள கவனம் அவற்றோடு வெளிவந்த கல்லறைப் படங்களுக்குக் கிடைக்கவில்லை. 1879இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆங்கிலேய – ஜூலு போரை மையமாகக் கொண்டு, கல்லறைச் செதுக்கோவியங்களின் உருவாக்க முறை, காட்சி மரபு, அவை காட்டியவை, காட்டாது விட்டவை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. போர்க்களத்தில் அடக்கம் முற்றுப்பெறாத நிலையிலேயே அது முற்றுப்பெற்றது என்னும் தோற்றத்தை இவ்வோவிய மரபு உருவாக்கியது என்பதும், எவருடைய மரணம் இடமும் பெயரும் பெறத்தக்கது என்னும் வரிசைமுறையை அது காட்சியாக நிலைநிறுத்தியது என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: மரச் செதுக்கோவியம், ஜூலு போர், இசாண்டல்வானா, போர்க் கல்லறை, பட இதழியல், நினைவேந்தல்

முன்னுரை

போரில் இறந்தவரைப் புதைப்பது ஒரு செயல். புதைத்த இடத்தைப் படமாக்கி ஆறாயிரம் மைலுக்கு அப்பால் உள்ளவருக்குக் காட்டுவது வேறொரு செயல். முதலாவது களத்தில் நின்ற படைவீரரின் கடமை. இரண்டாவது அச்சகமும் இதழாசிரியரும் வாசகரும் சேர்ந்து நிகழ்த்திய பண்பாட்டு வினை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே இக்கட்டுரையின் ஆய்வுக்களம்.

தேசியம் பற்றிப் பேசப் புகும் பெனடிக்ட் ஆண்டர்சன், பெயரறியாப் படைவீரர் கல்லறையிலிருந்து தம் விவாதத்தைத் தொடங்குகிறார். எவருடைய உடல் என்று தெரியாத கல்லறை, ஒரு தேசத்தின் எல்லாருக்கும் உரியதாகிறது என்பது அவர் காட்டும் முரண். அவர் சுட்டும் வகைக் கல்லறை முதல் உலகப் போருக்குப் பின்னரே பரவலாயிற்று. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய காலனியப் போர்களில் நிலைமை வேறு. அங்கே பெயருள்ள சிலரின் கல்லறைகள் படமாயின. பெயரிழந்த பலரின் எலும்புகள் வெட்டவெளியில் கிடந்தன. இந்த முந்தைய கட்டத்தைப் புரிந்துகொள்ள 1879ஆம் ஆண்டுப் போர் தக்கதொரு சான்றாகும். தமிழகத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1860 முதல் கப்பலேறிச் சென்ற அதே நேட்டால் குடியேற்றத்தின் எல்லையில்தான் இப்போர் மூண்டது.

செதுக்கோவியம் உருவான முறை

‘இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ 1842 மே 14 அன்று தொடங்கப்பட்டது. மரச் செதுக்குக் கலைஞரான வில்லியம் லூசன் தாமஸ் 1869 டிசம்பரில் ‘தி கிராஃபிக்’ இதழைத் தொடங்கினார். ஒளிப்படத்தை எழுத்தோடு ஒருசேர அச்சிடும் நுட்பம் வார இதழ்களில் அப்போது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே களத்திலிருந்து வரும் எந்தக் காட்சியும், ஒளிப்படமாகவே வந்திருந்தாலும், மரத்தில் செதுக்கப்பட்ட பின்னரே அச்சேற முடிந்தது.

பாக்ஸ் எனப்படும் கடினமான மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த முகத்தை வழவழப்பாக்கி, கூரிய செதுக்குளியால் கோடுகளைச் செதுக்குவது இம்முறை. தாமஸ் பெவிக் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதனை உயர் கலையாக வளர்த்தார். வெண்மையாகத் தோன்ற வேண்டிய இடங்கள் செதுக்கி நீக்கப்படும். நீக்காது விட்ட பகுதியே மை ஏற்றுக் கறுப்பாகப் பதியும். பாக்ஸ் மரம் பருமனில் சிறியது. எனவே பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைத் திருகாணியால் பிணைத்து ஒரே பரப்பாக்கினர். படம் அதன்மேல் வரையப்பட்டதும் கட்டைகள் பிரிக்கப்பட்டு ஆளுக்கொன்றாகச் செதுக்குநரிடம் கொடுக்கப்பட்டன. ஒருவர் வானத்தையும் மற்றொருவர் புல்லையும் வேறொருவர் மனித உருவையும் செதுக்குவது இயல்பாக நிகழ்ந்தது. பின்னர்க் கட்டைகள் மீண்டும் பிணைக்கப்பட்டு, தலைமைச் செதுக்குநர் இணைப்புகளைச் சரிசெய்தார். அச்சுக்கு மூலக்கட்டையைப் பயன்படுத்தாமல், மின்முறையில் எடுத்த செப்பு நகலைப் பயன்படுத்தினர். இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழின் கலைப் பொறுப்பாளரான மேசன் ஜாக்சன் 1885இல் வெளியிட்ட பட இதழியல் வரலாற்று நூலில் இம்முறைகளை விளக்கியுள்ளார். பழைய இதழ்களின் பெரிய படங்களைக் கூர்ந்து நோக்கினால், கட்டைகள் சேருமிடத்தில் மெல்லிய வெண்கோடு ஓடுவதை இன்றும் காணலாம்.

இச்செய்திகள் வெறும் தொழில்நுட்பப் பின்னணி அல்ல. களத்தில் இருந்த சிறப்பு ஓவியர் அனுப்பியவை பெரும்பாலும் விரைந்து தீட்டிய கோட்டுருவங்களும் ஓரத்தில் எழுதிய குறிப்புகளுமே. லண்டனில் இருந்த ஓவியர் அவற்றை முழுப் படமாக மீள வரைந்தார். மேகத்தின் அமைதி, மாலை ஒளியின் சாய்வு, புல்லின் அடர்த்தி ஆகியன பல வேளைகளில் ஆப்பிரிக்காவைப் பார்த்திராத கைகளின் வேலைப்பாடு. ஆகவே ஒரு கல்லறைப் படத்தின் கீழே களஓவியர் பெயர் இருப்பதைக் கொண்டு அதனை நேர்ச் சாட்சியாக ஏற்க முடியாது. படத்தின் செய்தி களத்திலிருந்து வந்தது. அதன் உணர்வு லண்டனில் சேர்க்கப்பட்டது.

நடுகல் மரபைப் பயின்ற தமிழ் ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். நடுகல்லில் உருவமும் எழுத்தும் நினைவுக் கல்லும் ஒன்றே. அது தன் ஊரை விட்டு நகர்வதில்லை. எடுத்தனூர் நடுகல் வீரனோடு நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. செதுக்கோவியத்தில் உருவம் கல்லை விட்டுப் பிரிந்துவிடுகிறது. கல் சிதைந்தாலும் உருவம் சிதையாமல் ஆயிரக்கணக்கான படிகளில் பெருகுகிறது. இப்பிரிவுதான் பின்வரும் சான்றுகளில் விளைவுகளை உண்டாக்குகிறது.

இரு அதிகாரிகளின் கல்லறை

1879 ஜனவரி 22 அன்று இசாண்டல்வானா மலையடிவாரத்தில் இருந்த பிரித்தானிய முகாமை ஜூலு படை அழித்தது. 52 அதிகாரிகளும் 800க்கும் மேற்பட்ட வெள்ளை வீரர்களும், அவர்கள் பக்கம் நின்று போரிட்ட ஏறத்தாழ 470 ஆப்பிரிக்கரும் மாண்டனர். படைத்தலைவர் செல்ம்ஸ்ஃபோர்டு பிரபு அன்று விடியுமுன்பே படையின் ஒரு பகுதியோடு முகாமை விட்டு வெளியே சென்றிருந்தார். இரவில் திரும்பி, இறந்தவர்களுக்கு நடுவே தங்கி, மறுநாள் விடியுமுன் எவரையும் அடக்கம் செய்யாமல் நேட்டாலை நோக்கிப் புறப்பட்டார். தோல்விச் செய்தி பிப்ரவரி 11 அன்று லண்டனை எட்டியது. தென்னாப்பிரிக்காவுக்குக் கடலடித் தந்தி அப்போது இல்லை.

முகாமிலிருந்து தப்பியோடிய லெப்டினன்ட் மெல்வில், 24ஆம் படைப்பிரிவின் அரசிக் கொடியைக் காப்பாற்ற முயன்றார். பஃபலோ ஆற்றைக் கடந்தபின் அவரும் லெப்டினன்ட் காக்ஹில்லும் கரையேற்றத்தில் கொல்லப்பட்டனர். பிப்ரவரித் தொடக்கத்தில் மேஜர் பிளாக் தலைமையிலான குழு அவர்களுடைய உடல்களைக் கண்டு, அவை கிடந்த இடத்திலேயே கற்களால் மூடியது. அதே குழு ஆற்றில் கொடியையும் கண்டெடுத்தது. பின்னர் அவ்விடத்தில் கல் சிலுவை நிறுவப்பட்டது. பாறைச் சரிவும் தனித்த சிலுவையும் கொண்ட அக்கல்லறை அக்காலப் பட இதழ்களுக்கு மிகவும் உகந்த பொருளாயிற்று.

அது ஏன் உகந்ததாயிற்று என்பதே இங்கு எழும் வினா. கிரைமியப் போரின் கல்லறைகளைப் படங்களாகத் தொகுத்து கோல்போர்ன், பிரைன் என்னும் இரு அதிகாரிகள் 1857இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தனர். தாழ்ந்த சுவர், சாய்ந்த கல், தொலைவில் மலை, ஆளரவமற்ற வானம் என்னும் காட்சி மரபு அதற்குள் வாசகருக்குப் பழகியிருந்தது. அம்மரபுக்கு வேண்டியவை மூன்று: அடையாளம் காணத்தக்க பெயர், தனித்து நிற்கும் ஒரு சின்னம், சொல்லத்தக்க ஒரு கதை. மெல்வில் – காக்ஹில் கல்லறையில் மூன்றும் அமைந்தன. கொடி என்னும் கதைப்பொருள் பேரழிவை ஒரு மீட்சிக் கதையாக மாற்ற உதவியது. 1880இல் அக்கொடி விக்டோரியா அரசியிடம் கொண்டுசெல்லப்பட்டு, அவர் கையால் மலர்வளையம் பெற்றது. 1907இல் இருவருக்கும் விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது.

ஆனால் கால ஒழுங்கை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு செய்தி தெரிகிறது. இவ்விருவரும் இறந்த பதின்மூன்று நாளுக்குள் மண்ணும் கல்லும் பெற்றனர். சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த முகாமில் மற்றவர்கள் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தனர். கல்லறைப் படத்தைப் பார்க்கும் வாசகர் ஒரு போரின் அடக்கத்தைப் பார்ப்பதாக நினைக்கிறார். அவர் பார்ப்பது விதிவிலக்கு. விதிவிலக்கைப் பொதுவிதியின் இடத்தில் நிறுத்துவதுதான் இப்படங்களின் முதல் வினை.

கல்லறை இல்லாத களம்

1879 மே 21 அன்று ஜெனரல் மார்ஷல் தலைமையில் குதிரைப்படை இசாண்டல்வானாவுக்குச் சென்றது. முகாமில் எஞ்சியிருந்த வண்டிகளை மீட்டுக் கொணர்வது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. போர் நடந்து நான்கு மாதம் கழிந்திருந்தது. இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் ஓவியர் மெல்ட்டன் பிரையரும் ‘டெய்லி நியூஸ்’ செய்தியாளர் ஆர்ச்சிபால்ட் ஃபோர்ப்ஸும் உடன் சென்றனர். சிதறிய தானியம் முளைத்துக் கதிர் விட்டிருந்ததையும், உயர்ந்த புல்லுக்குள் இறந்தவர்கள் மறைந்து கிடந்ததையும் ஃபோர்ப்ஸ் எழுதினார். அன்று சிலர் அடக்கம் செய்யப்பட்டனர். எனினும் 24ஆம் படைப்பிரிவினரை அதே பிரிவினரே அடக்கம் செய்ய வேண்டும் என்று கர்னல் கிளின் கேட்டுக்கொண்டதால், பெரும்பாலோர் மீண்டும் அப்படியே விடப்பட்டனர். ஜூன் மாத இறுதியில்தான் பிளாக் தலைமையில் அப்பணி நடந்தது.

இப்பயணத்தைப் பற்றிய பிரையரின் படம் இங்கு ஆராயப்படும் படங்களுள் தனித்து நிற்கிறது. பின்னணியில் மலை, நடுவே வண்டிகளும் குதிரைவீரரும், முன்னே புல்லில் மனித எச்சங்கள் என அது அமைகிறது. இதில் கல்லறை இல்லை. கல்லறை இல்லாமையே பொருள். பெயரைச் சுமக்கும் சின்னம் எதுவும் அங்கில்லை. ஆகவே படத்துக்குத் தனி நாயகரும் இல்லை. கல்லறை மரபு கட்டிக்காத்த அமைதி இங்கே நிலைகுலைகிறது. பட இதழியல் முழுவதும் ஒரே திசையில் மறைத்தது என்று கூறுவோர் இப்படத்துக்கு விடை கூற வேண்டியிருக்கும். இதழ்கள் உண்மையைக் காட்டவே இல்லை என்பது என் வாதமன்று. ஒரே இதழின் பக்கங்களில் இரண்டு வகைக் காட்சிகளும் இடம்பெற்றன. பிற்கால நினைவில் நிலைத்தது அவற்றுள் ஒன்று மட்டுமே என்பதே கருதத்தக்கது.

எனினும் இப்படமும் தன் ஆறுதலை வேறுவழியில் தேடிக்கொள்கிறது. இசாண்டல்வானா மலையின் உருவம் ஸ்ஃபிங்ஸ் சிலையை ஒத்தது என்று 24ஆம் பிரிவினர் முன்னரே பேசிக்கொண்டனர். 1801இல் எகிப்தில் போரிட்டதற்காக அப்படைப்பிரிவு பெற்ற சின்னமும் ஸ்ஃபிங்ஸே. இதனால் மலையே அவர்களுக்கான இயற்கையான நினைவுச்சின்னம் போன்றாயிற்று. களத்தை வரைந்தோர் மலையை மேலெழுப்பிக் காட்டியபோது, புதைக்கப்படாதவர்களுக்கு மேலே ஒரு கல்லறைக் கல் தானே நின்றது. ஜூலு மக்களுக்குத் தம் நாட்டின் ஒரு குன்றாக இருந்த மலை, படத்தில் ஓர் ஆங்கிலப் படைப்பிரிவின் சின்னமாயிற்று.

ஜூன் அடக்கத்தோடும் இது முடிந்துவிடவில்லை. தரை கடினமானது, குழிகள் ஆழமற்றவை. மழை மண்ணை அரிக்க, எலும்புகள் மீண்டும் வெளிவந்தன. 1883இல் ஆல்ஃபிரட் போஸ்ட் என்பவர் தலைமையில் சென்ற குழு அவற்றைத் திரட்டி மீண்டும் புதைத்துக் கற்குவியல்களை எழுப்பியது. இன்று அங்கே காணப்படும் வெள்ளையடித்த கற்குவியல்களின் தோற்றம் இத்தகைய மறுஅடக்கங்களோடு தொடர்புடையது. அச்சான கல்லறை மாறாதது. மண்ணிலிருந்த கல்லறை நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் தோண்டப்பட வேண்டியதாயிற்று. இம்முரணை எந்தத் தனிப்படமும் சொல்வதில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையோடு பொருத்திப் படிக்கும்போதே அது புலப்படுகிறது.

தரவரிசையின் தாக்கம் இங்கும் தெரிகிறது. மே 21 அன்று அடையாளம் காணப்பட்ட கர்னல் டர்ன்ஃபோர்டின் உடல் களத்திலேயே புதைக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் நேப்பியர் கோட்டைக் கல்லறைக்கு மாற்றப்பட்டது. அவருடன் இறந்த சாதாரண வீரர் எவருக்கும் அத்தகைய தனிக்கல் கிடைக்கவில்லை. அவர்களோடு போரிட்ட நேட்டால் ஆப்பிரிக்கப் படையினருக்கோ கிடைக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பே எழவில்லை.

சுவருக்கு உள்ளும் வெளியும்

இசாண்டல்வானாவில் போர் முடிந்த அதே நாள் மாலையில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் மறைப்பணி நிலையத்தில் தாக்குதல் தொடங்கியது. ஏறத்தாழ 150 பேர் கொண்ட காவற்படை மறுநாள் விடியும்வரை தாக்குப்பிடித்தது. அதில் 17 பேர் இறந்தனர்; 11 பேருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. நிலையத்தைச் சுற்றிக் கிடந்த ஜூலு வீரர்களின் உடல்களை எண்ணிப் புதைத்ததாக அதிகாரபூர்வ அறிக்கை கூறுகிறது. அவ்வறிக்கை தரும் எண்ணிக்கை 351.

அங்கே 17 பேருக்குச் சுவர் சூழ்ந்த சிறு கல்லறைத் தோட்டமும் பெயர் பொறித்த கல்தூணும் அமைக்கப்பட்டன. 351 பேர் பெருங்குழிகளில் இடப்பட்டனர். கல்லறைத் தோட்டம் ஒரு காட்சிப்பொருள். பெருங்குழி ஓர் எண். ஜூடித் பட்லர் போர்களின் காட்சிச் சட்டகம் பற்றி எழுதும்போது, எந்த உயிர் துக்கத்துக்கு உரியதென முன்கூட்டியே வகுக்கப்படுகிறது என்று வினவுகிறார். அவ்வினாவுக்கு ரோர்க்ஸ் டிரிஃப்டின் சுவர் கண்கூடான விடை. சுவர் மண்ணில் வரைந்த எல்லையைச் செதுக்கோவியம் தன் படச்சட்டத்தின் விளிம்பாக மாற்றிக்கொண்டது.

இங்கே எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. எதிரியின் உடல்கள் துல்லியமாக எண்ணப்பட்டன. எண்ணிக்கை வெற்றியின் அளவு. தம்மவரின் உடல்கள் பெயர் பெற்றன; பெயர் இழப்பின் அளவு. இதே போரில் இரண்டு வகைக் கணக்கும் ஒருசேரப் பேணப்பட்டதால், கல்லறைப் படத்தை இரக்கத்தின் வெளிப்பாடாக மட்டும் படிப்பது போதாது. அது கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படமாக்கிய ஆவணமாகும்.

உடலற்ற சிலுவை

1879 ஜூன் 1 அன்று, நாடிழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பிரெஞ்சு இளவரசர் லூயி நெப்போலியன், வேவுப்பணியின்போது ஜூலு வீரர்களால் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, ஜூலை 12 அன்று சிசில்ஹர்ஸ்டில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வீழ்ந்த இடத்தில் விக்டோரியா அரசி சார்பில் சிலுவை நிறுவப்பட்டது. 1880இல் அவருடைய தாய் யூஜினி பேரரசி அவ்விடத்துக்கே பயணம் செய்தார். மரணம், கப்பற்பயணம், இறுதி ஊர்வலம் என ஒவ்வொரு கட்டமும் பட இதழ்களை நிறைத்தது.

அதே தாக்குதலில் ரோஜர்ஸ், ஏபெல் என்னும் இரு குதிரைவீரர்களும் வழிகாட்டியாக வந்த ஜூலு மனிதர் ஒருவரும் இறந்தனர். குதிரைவீரர் இருவரும் அங்கேயே புதைக்கப்பட்டனர். வழிகாட்டியைப் பொதுவான வரலாறுகள் பெரும்பாலும் ‘வழிகாட்டி’ என்றே குறிப்பிட்டு நிறுத்திவிடுகின்றன. ஓரிடத்தில் நால்வர் இறந்தனர். உடல் அகற்றப்பட்டவருக்குச் சிலுவை எழுந்தது. உடல் அங்கேயே கிடந்தவர்கள் அச்சிலுவையின் அடிக்குறிப்பாயினர். கல்லறைப் படம் உடலைக் குறிப்பதற்காக உருவானதன்று என்பதை இச்சான்று தெளிவாக்குகிறது. அது தகுதியைக் குறித்தது. இசாண்டல்வானாவில் உடல்கள் இருந்தன, சின்னம் இல்லை; இங்கே சின்னம் இருந்தது, உடல் இல்லை. இரண்டையும் ஒரே ஆண்டின் இதழ்க்கட்டில் அடுத்தடுத்துப் புரட்டும் ஆய்வாளர், இம்மரபின் உள்ளார்ந்த விதியைக் கண்டுகொள்வார்.

ஜூலு மக்களின் இறந்தோரும் பிழைபட்ட பார்வையும்

இசாண்டல்வானாவில் ஜூலு பக்கத்திலும் ஆயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. உறவினர் தம்மவரைத் தேடிக் கேடயங்களால் மூடினர். அருகிலிருந்த குடியிருப்புகளின் தானியக் குழிகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் புதைத்தனர். அடக்கம் நடந்தது, ஆனால் லண்டன் இதழ்களின் கண்ணுக்கு அடக்கமாகத் தோன்றும் சின்னம் எதுவும் அதில் இல்லை.

போரில் கொன்றவனின் வயிற்றைக் கீறி அவனுடைய ஆவியை விடுவிப்பதும், தூய்மைச் சடங்கு முடியும்வரை அவனுடைய ஆடையில் ஒன்றை அணிந்திருப்பதும் ஜூலு மரபில் கொன்றவனுக்கு விதிக்கப்பட்ட கடமைகள். ஆங்கிலேயர் இதனை வெறுமனே உடற்சிதைப்பு என்று கண்டனர். இறந்தவனுக்குச் செய்ய வேண்டியது எதுவென்பதில் இரு பண்பாடுகளுக்கு இருந்த வேறுபாடு, காட்டுமிராண்டித்தனத்துக்கான சான்றாக மொழிபெயர்க்கப்பட்டது. தாமஸ் லகார் இறந்தோர் குறித்த தம் 2015ஆம் ஆண்டு நூலில், இறந்த உடலைப் பேணுவது எல்லாச் சமூகங்களிலும் பண்பாட்டின் அடித்தளமாக நிற்பதை விரித்துரைக்கிறார். அக்கருத்தை இங்குப் பொருத்தினால், செதுக்கோவியம் ஒரு சமூகத்தின் பேணலைக் காட்டி மற்றொன்றின் பேணலை மறுத்தது எனலாம்.

கற்குவியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜூலு நாட்டில் வழிப்போக்கர் ஆளுக்கொரு கல்லாக இட்டுச் செல்லும் ‘இசிவிவானே’ என்னும் குவியல்கள் பாதையோரங்களில் உண்டு. பயணம் நலமாக அமைய வேண்டி இடப்படும் கற்கள் அவை. பிரித்தானியப் படை அதே நிலத்தில் எழுப்பிய குவியல் இறந்தவனின் அடையாளம். லண்டன் வாசகருக்கு இரண்டாவது மட்டுமே புரியும். அந்நிலத்தில் வாழ்ந்தவர்கள் அக்குவியல்களை எவ்வாறு படித்திருப்பார்கள் என்ற வினாவுக்கு அப்படங்களில் இடமே இல்லை.

மறுப்பும் அதன் வரையறையும்

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கல்லறைப் படம் முதன்மையாகத் துயருற்ற குடும்பங்களுக்கான ஆறுதல். மகனின் கல்லறையைக் காணக் கப்பலேற இயலாத தாய்க்கு ஆறு பென்னி விலையுள்ள இதழே அவ்விடத்தைக் காட்டியது. அவளுடைய கண்ணீரை அரசியல் கணக்காகச் சுருக்குவது ஆய்வின் கடுமையாகாதோ என்று கேட்கலாம்.

ஆறுதல் உண்மையானது, அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வாறுதல் யாருக்கு எட்டியது என்பதையும் கேட்டாக வேண்டும். மெல்வில்லின் குடும்பத்துக்கும் காக்ஹில்லின் குடும்பத்துக்கும் படம் கிடைத்தது. இசாண்டல்வானாவில் இறந்த எண்ணூறுக்கு மேற்பட்ட சாதாரண வீரர்களின் தாய்மார், தம் மகன் கிடந்த இடத்தைப் பிரையரின் புல்வெளிப் படத்தில்தான் தேடியிருக்க முடியும். அங்கே அவர்கள் கண்டது ஆறுதல் அன்று. ஆகவே ஆறுதல் என்னும் வாதம் கல்லறைப் படங்களின் தேர்வை விளக்குவதில்லை. தேர்வு முன்னரே நடந்துவிட்டது. ஆறுதல் அதன்பின் சிலருக்கு வாய்த்தது.

இத்தேர்வுக்கு இதழாசிரியரை மட்டும் பொறுப்பாக்குவதும் பொருந்தாது. அதிகாரிக்குத் தனிக்கல், வீரருக்குப் பொதுக்குழி என்பது அன்றைய படை நடைமுறை. எல்லாத் தரத்தினருக்கும் ஒரே வகைக் கல் என்னும் கொள்கையை 1917இல் அமைக்கப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையமே ஏற்றது. செதுக்கோவியம் அந்நடைமுறையைத் தோற்றுவிக்கவில்லை. ஆயினும் அதனை இயற்கையானதாகத் தோன்றச் செய்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு. முதலாவது, மரச் செதுக்கோவியம் பலர் கைபட்ட ஆக்கம். கல்லறைப் படத்தின் ஒளியையும் அமைதியையும் களத்தின் சான்றாகக் கொள்வது பிழை. இரண்டாவது, 1879இல் அதிகாரிகளின் கல்லறை படமாகத்தக்க வடிவம் பெற்றபோது, பெரும்பாலோர் அடக்கம் செய்யப்படவில்லை. பின்னர் நடந்த அடக்கமும் நிலைக்கவில்லை. படம் தந்த முற்றுப்பெற்ற தோற்றத்துக்கும் 1883 வரை நீண்ட மறுஅடக்கத்துக்கும் உள்ள இடைவெளியே இம்மரபின் மையமான உண்மை. மூன்றாவது, எண்ணப்பட்ட எதிரி, பெயர் பெற்ற அதிகாரி, இரண்டுக்கும் இடையே விடுபட்ட ஆப்பிரிக்கக் கூட்டாளி என்னும் வரிசைமுறை இப்படங்களில் அமைந்துள்ளது.

இவ்வரிசைமுறை செதுக்கோவியத்தோடு மறைந்துவிடவில்லை. சமத்துவக் கொள்கையோடு தொடங்கிய போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த ஏறத்தாழ 45,000 முதல் 54,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் ஆசியரும், சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்று ஏற்றுக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயராலோ எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்றும் அது கூறியது. 1879இன் படச்சட்டத்துக்கு வெளியே நின்றவர்களின் வழித்தோன்றல்கள் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கின்றனர். மறுபுறம், 1999 ஜனவரியில் இசாண்டல்வானாவில் ஜூலு வீரர்களுக்கென வீரக் கழுத்தணி வடிவில் ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. போர் நடந்து 120 ஆண்டுகளுக்குப் பின்னர் அக்களத்தில் அவர்களுக்கென எழுந்த சின்னம் அது.

காலனியப் போர்களின் பழைய செதுக்கோவியங்கள் இன்று எண்மியத் தொகுப்புகளில் எளிதில் கிடைக்கின்றன. நூல்களிலும் ஆய்வேடுகளிலும் விளக்கப்படங்களாக இடம்பெறுகின்றன. அவற்றை எடுத்தாளும்போது களஓவியர், செதுக்குநர், இதழ், வெளியான நாள் ஆகியவற்றோடு, படம் காட்டும் நாளில் அக்களத்தின் உண்மை நிலை என்ன என்பதையும் உடன் குறிப்பது இன்றியமையாதது. அக்குறிப்பு இல்லாத கல்லறைப் படம், 1879இன் வாசகருக்கு அளித்த அதே தோற்றத்தை இன்றைய வாசகருக்கும் அளிக்கும்.